காஜா பெராங்கில் ஒரு போர்பந்தர்

கமலவேணிக்குப் பொய் சொல்ல வராது. இதை அவளுடைய நற்குணம் என்று சொல்லி மாலை போட்டுவிட வேண்டாம். மலாக்காவின் காஜா பெராங் மக்கள் யாரும் அப்படி நினைத்ததில்லை. அவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குப் போனவர்கள் திரும்பும்போது அவள் கண்ணில் படாமல் சுற்று வழியில் வருவார்கள். பட்டுவிட்டால் தொலைந்தது. சேலையைப் பிரித்துப் பார்த்து, "கலரு நல்லாத்தான் இருக்கு, பொண்ணுக்குத்தான் பொருந்தல" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுவாள். சொன்னதில் கெட்ட எண்ணம் துளியும் இருக்காது. கேட்டவர்களுக்குத்தான் வயிறு எரியும்.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பெண் பார்க்க வந்த அன்று, பெரியவர்கள் வெற்றிலையைக் கையில் எடுப்பதற்குள் அவளே வந்து நின்றாள். "எனக்குச் சமையல் சுமார்தான். வலது காது கேக்காது. அப்பறமா தெரிஞ்சிக்கிட்டு வருத்தப்படக் கூடாது" என்றாள். அவளுடைய அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையாக வந்திருந்த தம்பிராஜா மட்டும் நிமிர்ந்து பார்த்து, "அப்ப ரொம்பப் பொருத்தம். எனக்கு ரெண்டு காதும் கேக்காது" என்றான்.

கமலவேணி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் முடிவானது. பொய் சொல்லத் தெரியாத ஒருத்தி, பொய்யைத் தவிர வேறு பேச்சே தெரியாத ஒருத்தனைக் கட்டிக்கொண்டு காஜா பெராங்குக்கு வந்து சேர்ந்தாள்.

தம்பிராஜா தச்சன். பரம்பரைத் தச்சன் இல்லை. டவுனில் ஒரு சீன முதலாளியிடம், தவுக்கே என்பார்கள், பெட்டி அடிக்கப் போய் அப்படியே தொழில் கற்றுக்கொண்டவன். வேலையில் சுத்தம். வாய்தான் புளுகு. யாரையும் ஏமாற்றிப் பிழைக்கிற புளுகு அல்ல அது. எதிரே இருப்பவர் முகம் மலர்வதைப் பார்க்கிற ஆசை, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் கமலவேணி ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். "இந்தா பாருங்க. நெசத்த இந்தப் பக்கம் உக்காந்து சொல்லுங்க. பொய் சொல்றதுன்னா அந்தப் பக்கம் போயிருங்க" என்று கேளாத வலப்பக்கத்தைக் காட்டினாள். அவனும் அதற்குக் கட்டுப்பட்டான். அரிசி தீர்ந்தது, தவுக்கே திட்டினார், உடம்புக்கு முடியவில்லை, இதெல்லாம் இடப்பக்கம். முதலை மேல் ஏறி ஆற்றைக் கடந்தது போன்றவை வலப்பக்கம். அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான்; அவள் பாட்டுக்குக் கிழங்கு உரித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். பிள்ளையில்லாத வீடுதான், ஆனால் சிரிப்பில்லாத வீடு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அவன் சொன்ன புளுகுகளிலேயே நிலைத்து நின்றது ஒன்றே ஒன்று. பக்கத்தில் இருந்த ரஹீம் நானாவின் கோப்பிக்கடையில் ஒரு மழை நாளில் காந்தியைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. அவர் எந்த ஊரில் பிறந்தார் என்று ஒருவர் கேட்க, போர்பந்தர் என்று இன்னொருவர் சொல்ல, "தெரியுமே! அந்த வீட்டுக்குள்ள போயிருக்கேனே" என்றான் தம்பிராஜா. இளவயதில் கப்பலில் தச்சு வேலைக்குப் போனானாம், உப்பு ஏற்ற அந்தத் துறைமுகத்தில் நின்றார்களாம். உண்மையில் அவன் வாழ்நாளில் கடலில் போனது ஒரே தடவை. கரி ஏற்றின தொங்காங் படகில், பக்கத்து மூவார் வரைக்கும். போகிற வழியெல்லாம் வாந்தி எடுத்து, திரும்பி வரும்போது தரை வழியாக வந்தவன்.

முதலைக் கதையை நம்பாதவர்கள் இந்தக் கதையை நம்பினார்கள். நம்ப வேண்டும் போல அவர்களுக்கு இருந்தது. அவனும் ஆளுக்கு ஏற்ற மாதிரி அந்த வீட்டைக் கட்டிக்கொண்டே போனான். தொழுகை தவறாத ரஹீம் நானாவிடம், வீட்டுச் சுவரை ஒட்டியே பள்ளிவாசல், பாங்கு சொன்னால் அடுக்களை வரை கேட்கும் என்றான். தெருக்கோடிக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து இடுப்பு ஒடிந்த பொன்னம்மாவிடம், அடுக்களைக்குள்ளேயே கிணறு, அடுப்பை விட்டு எழுந்திருக்காமல் வாளியை இறக்கலாம் என்றான். நல்லையா என்று ஒருவர். தோட்டத்தில் கங்காணியோடு சண்டை போட்டு, மழையில் பெட்டி படுக்கையோடு வெளியே தள்ளப்பட்டவர். அவரிடம், அந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது, யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் உள்ளே போகலாம் என்றான். நல்லையா கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

கமலவேணி இதை அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் கேட்டாள். "இது என்ன புதுக் கத?" என்று கேட்டபோது தம்பிராஜா எழுந்து, அவளுடைய வலப்பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கினான். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது, கோப்பிக்கடையில் வறுத்த சோளத்தைக் கொதிக்கவைத்துக் கோப்பி என்றார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வருஷம் ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். முதலில் நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்புறம் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, வாசலை அடைத்து லாரியில் ஏற்றினார்கள். கமலவேணியின் தம்பி சேதுபதி ஜாசின் தோட்டத்திலிருந்து அப்படிப் போனவன்தான். போனவன் போனவனே. ஒரு சேதி இல்லை. அதிலிருந்து லாரிச் சத்தம் கேட்டால் கமலவேணி கேட்கிற காதையும் பொத்திக்கொள்வாள். அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தப் புளுகன் ஒருவன்தான்.

அந்த வருஷம்தான் காந்தி பிறந்தநாளைப் பெரிதாகக் கொண்டாட ஒரு கமிட்டி போட்டார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்தவர் என்பதால் ஜப்பான் அதிகாரியே வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். செயலாளர் ராஜரத்தினம் என்பவர், ஆபீஸில் கணக்கெழுதின பழைய கிராணி. சட்டையில் சுருக்கம் விழாமல் உட்காரத் தெரிந்தவர். அவர் ரஹீம் நானாவின் கடைக்கு வந்து நின்று சொன்னார்.

"சுதந்திரம் வந்ததும் அவரு பொறந்த எடத்துல பெரிய நினைவு மண்டபம் எழும்பத்தான் போவுது. அத நாம போயிப் பாக்கப் போறமா? அதனால அந்த வீட்ட நாம இங்கயே கட்டுவோம். எல்லாரும் உள்ள போயிக் கும்பிட்டு வரலாம். என்ன சொல்றீங்க?"

எல்லாருடைய தலையும் தம்பிராஜாவின் பக்கம் திரும்பியது. ராஜரத்தினம் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணிப்பட்டையை எடுத்து அவன் கையில் கட்டினார். கமிட்டி ஆள் என்பதற்கு முத்திரை போட்ட பட்டை. அது கையில் இருக்கும் வரை ஆள் பிடிக்கிறவர்கள் தொடமாட்டார்கள்.

அன்றைக்குத் தம்பிராஜா வீட்டுக்கு வந்து இடப்பக்கம் உட்கார்ந்தான்.

"வேணி, என்ன செய்யட்டும்?"

"போகாத ஊருல பாக்காத வீடு."

"கட்டலன்னா சயாமுல தண்டவாளம் போடணும்."

அவள் அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கஞ்சி போட்ட துணி. சேதுபதிக்கு இப்படி ஒரு முழத் துணி கிடைத்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாள். "கட்டுங்க" என்றாள். "நல்லாவே கட்டுங்க. யாராச்சும் வந்து என்னையக் கேட்டாத்தான் சூசா, தொல்ல."

"ஒன்னய யாரு கேக்கப் போறா?"

கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் வேலை தொடங்கியது. குண்டு விழுந்த கிட்டங்கியின் பலகைகளைக் கமிட்டி வாங்கிக் கொடுத்தது. நாலு கோல் நட்டுப் படுதா கட்டி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் தம்பிராஜா நினைத்திருந்தான். ஜனங்கள் விட்டால்தானே! பொன்னம்மா வந்து, "கெணறு எங்க தம்பி?" என்றாள். ரஹீம் நானா பள்ளிவாசல் சுவரைக் கேட்டார். நல்லையா தினமும் வந்து, கதவில் யாராவது தாழ்ப்பாள் வைத்துவிட்டார்களா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போனார். வாசலில் வேப்பமரம் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறான், எப்போது சொன்னான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. அவர்களே ஒரு கன்றைக் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். இத்தனை வருஷம் வாயால் கட்டினதையெல்லாம் இப்போது கையால் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு புளுகனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா என்று தெரியவில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், வீடு அழகாக வந்தது. பொன்னம்மாவின் கிணறும் நல்லையாவின் கதவும் ரஹீம் நானாவின் சுவரும் ஒன்றோடொன்று பொருந்தி, யாரோ ஒருவர் நிதானமாக யோசித்துக் கட்டின வீடு போல நின்றது.

நிலைவாசல் வைக்கிற அன்று பெண்கள் சும்மா இருக்கவில்லை. பார்த்துவிட்டுப் பிரிக்கப் போகிற வீடு என்று ராஜரத்தினம் சொல்லிப் பார்த்தார். "வாசக்கால் வச்சா அது வீடுதான்" என்று சொல்லி மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நவதானியத்தில் ஐந்துதான் கிடைத்தது. பசும்பால் ஏது? பொன்னம்மா தேங்காய்ப்பாலை அந்த அடுக்களையில் வைத்துக் காய்ச்சிப் பொங்கவிட்டாள். நிலையைத் தூக்கி நிறுத்தும் முன் தம்பிராஜா அதை மூன்று தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைக் கமலவேணி பார்த்தாள். கோப்பிக்கடையில் விட்ட புளுகு வேறு. நிலைவாசலைத் தொட்டு ஒரு தச்சன் செய்கிறது வேறு. அவனுடைய பயம் அவளுக்குப் புரிந்தது.

எல்லாரும் போனபிறகு அவள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில், குத்துக்கால் வைத்து உட்காருகிற உயரத்தில் ஒரு சின்னப் பலகை அடித்திருந்தது. அடுப்பெதிரில் உட்கார்ந்து பார்த்தாள். பலகை அவளுடைய இடப்பக்கம் இருந்தது. அதில் ஒருவர் உட்கார்ந்து பேசினால் அவளுக்கு நன்றாகக் கேட்கும். இதை யாரும் கேட்கவில்லை. இது யாரிடமும் சொன்ன பொய்யிலும் இல்லை. கமலவேணி வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

விழாவுக்கு முந்தின நாள் ராஜரத்தினம் வாயெல்லாம் பல்லாக வந்தார். டவுனில் வீர்ஜி சேட் என்று ஒரு குஜராத்தி இருக்கிறாராம். பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தவர், குண்டு விழுந்து கடை போனபிறகு உறவுக்காரர் ஒருவரோடு மலாக்காவில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறார். விசாரித்தால் போர்பந்தரிலேயே பிறந்து வளர்ந்தவராம். "அவரையே வெளக்கேத்தச் சொல்லிட்டேன்! தம்பிராஜா, ஒன் வீட்டப் பாத்து மனுஷன் அசந்துபோகப் போறாரு" என்று முதுகில் தட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த தம்பிராஜா இடப்பக்கமும் உட்காரவில்லை, வலப்பக்கமும் உட்காரவில்லை.

மறுநாள் மனை நிறைய ஜனம். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் துபாஷி. வீர்ஜி சேட் கருப்புத் தொப்பியும் கசங்கின வேட்டியுமாக வந்தார். மெலிந்த மனிதர். கையிலிருந்த சின்ன விளக்கைக் கீழே போட்டுவிடுவாரோ என்கிற மாதிரி அப்படி ஒரு வேகம். ஊரைப் பார்க்கப் போகிற ஆவல். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கிணற்றைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வெளியே வந்து வேப்பங்கன்றைப் பார்த்தார். சிறுபிள்ளை கூட்டத்தில் தாயைத் தேடுவது போல மறுபடி உள்ளே போய்த் தேடினார்.

திரும்பி வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "இது அந்த வீடு இல்லே."

முன்னால் நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"அந்த வீடு மூணு மாடி. சின்னச் சின்ன ரூம், வெளிச்சம் கம்மி. கிணறு இப்படி இல்லே. மரம் இல்லே. நான் சின்னதிலே அந்தப் பக்கம் தினம் போவேன். இது வேற வீடு."

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஏமாந்துபோனதைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் ஜனங்களுக்கு வந்ததே கோபம்! "கெணறு இல்லன்னு இவரு எப்படிச் சொல்லலாம்?" என்று பொன்னம்மா முன்னால் வந்தாள். "தாழ்ப்பா இல்லாத கதவு, அதுகூடத் தெரியல. இவராவது அந்த ஊராவது!" என்றார் நல்லையா. பாங்குச் சத்தம் கேட்கிற சுவரை இல்லை என்றதில் ரஹீம் நானாவுக்கே மனசு ஆறவில்லை. பாலும் காய்ச்சி நிலையும் வைத்த வீட்டை ஒருவர் வந்து வேற வீடு என்றால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? ஆளாளுக்குச் சேட்டைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள்.

அதிகாரி என்ன சத்தம் என்று கேட்டார். துபாஷி சொன்னான். அதிகாரி எழுந்து வந்து ஏதோ கேட்க, துபாஷி அதைத் தமிழில் சொன்னான்: "ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான். அந்த ஊர்க்காரன்னு சொல்லிக்கிட்டு இங்க வந்திருக்கிற ஆளு வெள்ளைக்காரனோட ஒற்றனா இருக்கலாம். யாரு பொய்யன்?"

அத்தனை விரலும் சேட்டை நோக்கி நீண்டது. ராஜரத்தினம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தானும் விரலை நீட்டினார். ஒற்றன் என்று பேர் எடுத்துப் போனவர்கள் எந்த நிலையில் திரும்பி வந்தார்கள் என்பது அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கோபத்தில் அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. இரண்டு சிப்பாய்கள் சேட்டின் கையைப் பிடித்தார்கள். விளக்கு கீழே விழுந்தது.

தம்பிராஜா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். கமலவேணி மனதுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டாள். ஊர்பேர் தெரியாத அந்தச் சேட்டு எப்படியாவது போகட்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். நினைத்தது நினைத்ததுதான்.

"ஐயா, பொய்யன் நாந்தான்" என்று தம்பிராஜா முன்னால் வந்தான். "நான் அந்த ஊருக்குப் போனதில்ல. எல்லாம் சும்மாச் சொன்னது."

இப்போது பாருங்கள் கூத்தை. கூட்டத்தின் முன்னால் வாழ்நாளில் அவன் சொன்ன ஒரே உண்மையை ஊரில் ஒருவர்கூட நம்பவில்லை. "பாவம், சேட்டக் காப்பாத்தப் பொய் சொல்றான்" என்றார் நல்லையா. "நல்ல மனசு தம்பிக்கு" என்று பொன்னம்மா கண் கலங்கினாள். துபாஷி அதையும் அப்படியே சொன்னான். அதிகாரி கையை அசைத்தார். சிப்பாய்கள் சேட்டை இழுத்தார்கள்.

தம்பிராஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கமலவேணியிடம் வந்தான். "அவளக் கேளுங்க! அவ பொய் சொல்லமாட்டா, ஊருக்கே தெரியும்" என்று சத்தமாகச் சொன்னான். ஊர் தலையை ஆட்டியது. அதை யாராலும் மறுக்க முடியாது. அவன் அவளுக்குப் பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"சொல்லு வேணி. நான் கப்பல் ஏறினேனா?"

அவன் வலப்பக்கம் நின்று கேட்டான்.

உதடு அசைந்தது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. காதில் விழவில்லை. விழவில்லை என்று சொல்லிவிடலாம், அது பொய்யே இல்லை. காது கேளாத பொம்பளை, அவளைப் போய்க் கேட்கிறான் என்று யாராவது சொல்வார்கள், விஷயம் அதோடு போகும். பதினைந்து வருஷமாக எந்தப் பக்கம் எதற்கு என்று தெரிந்தவன் அவன். வேண்டுமென்றேதான் அங்கே போய் நின்றிருக்கிறான். தப்பித்துக்கொள்ள அவளுக்கு ஒரு வழியை விட்டுவைத்துவிட்டுக் கேட்கிறான்.

கமலவேணி சேட்டைப் பார்த்தாள். இரண்டு காலிலும் செருப்பு இல்லாமல், சொந்த ஊரைப் பற்றி நிசம் சொன்ன குற்றத்துக்காக அவர் நின்றுகொண்டிருந்தார். அந்த இடத்தில் அவள் கண்ணுக்குச் சேதுபதி தெரிந்தான்.

அவள் மெல்லத் திரும்பினாள், இடது காது புருஷன் பக்கம் வருகிற மாதிரி. "இன்னொரு வாட்டி கேளுங்க" என்றாள்.

"நான் கப்பல் ஏறினேனா வேணி?"

"இல்ல" என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி, "மூவாருக்கு அந்தப் பக்கம் இவரு போனதே இல்ல" என்றாள்.

அதிகாரி தம்பிராஜாவின் கன்னத்தில் அறைந்தார். அவன் தொப்பென்று விழுந்து எழுந்தான். யாரும் கேட்பதற்கு முன் கைப்பட்டையை அவிழ்த்து, தான் நிறுத்தின நிலைவாசலில் மாட்டினான். சேட்டை விட்டுவிட்டார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் தம்பிராஜாவை ஏற்றிப் போக லாரி வந்தது. மலாக்காவின் ரயில் தண்டவாளத்தைச் சயாம் பாதைக்காக ஏற்கெனவே பெயர்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், அதனால் தம்பின் ஸ்டேஷன் வரை லாரிதான். கமலவேணி ஒரு துணியில் கிழங்கு அடையைக் கட்டிக்கொண்டு ஓடினாள். லாரி கிளம்பும்போது அவன் குனிந்து ஏதோ சொன்னான். சத்தத்தில் எந்தக் காதிலும் விழவில்லை.

அதற்கப்புறம் அவளுக்குத் தன் நாக்கின்மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. அதுவரை உண்மையைச் சொல்ல அவள் யோசித்ததே இல்லை. இப்போது வாயைத் திறக்கவே பயந்தாள். யாராவது ஒரு துணியைக் காட்டினால், பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிடுவாள். ஊரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வீர்ஜி சேட் மட்டும் அவ்வப்போது வந்து, ஒரு பொட்டலம் உளுந்தோ மல்லியோ வாசலில் வைத்துவிட்டு நிற்பார். அவருக்குச் சொல்லத் தமிழ் போதவில்லை. அவளுக்கும் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வீட்டை யாரும் பிரிக்கவில்லை. பால் காய்ச்சின வீடு சும்மா கிடக்கக் கூடாது என்று பொன்னம்மா அதில் குடியேறினாள். இல்லை என்று தெரிந்தபிறகும் ஊர் அதைக் காந்தி வீடு என்றுதான் சொன்னது.

சண்டை முடிந்து, ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்தபிறகு ஒரு நாள் தம்பிராஜா வந்து சேர்ந்தான். ஆளில் பாதிதான் வந்தது. இடது காலில் கணுவிலிருந்து முழங்கால் வரை புண் ஆறின தழும்பு. சேதுபதியைப் பார்த்தீர்களா என்று கமலவேணி ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மறுபடி கேட்கவில்லை.

பெட்டி அடித்தான், கதவு பழுது பார்த்தான், எல்லா வேலையும் செய்தான். பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை. கோப்பிக்கடையில் அவனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். "அந்த மொதலக் கதையாச்சும் சொல்லேம்ப்பா" என்று ரஹீம் நானா கெஞ்சியே பார்த்தார். பொன்னம்மா அடுக்களைப் பலகையைப் பெயர்த்து எடுத்துவந்து, "இது ஒங்க வீட்டுல இருக்க வேண்டியது" என்று கமலவேணியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தம்பிராஜா அதை அடுப்புக்கு இடப்பக்கம் அடித்துக் கொடுத்தான். அதிலேதான் உட்காருவான். ஒன்றும் பேசமாட்டான். "ஏதாச்சும் சொல்லுங்களேன். பொய்யாவே இருக்கட்டும், இந்தப் பக்கமே உக்காந்து சொல்லுங்க" என்று கமலவேணி கேட்பாள். அவன் அவளைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்வான். அதைப் பார்க்க முடியாமல் அவள் அடுப்பைப் பார்த்துக்கொள்வாள்.

காந்தி சுடப்பட்டுச் செத்து இரண்டு வருஷம் ஆனபிறகு, அவர் பிறந்த இடத்தில் நினைவு மண்டபம் திறந்த சேதி பேப்பரில் படத்தோடு வந்தது. கோப்பிக்கடையில் கூட்டம். சிரம்பானிலிருந்து புதிதாக வந்து ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த நடராஜன் என்பவர் உரக்க வாசித்தார். கிழங்கு அடை கொடுக்க வந்த கமலவேணியும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள், இடப்பக்கத்தில் தம்பிராஜா. பேப்பர் கைமாறியது. பளிங்கும் கோபுரமுமாகப் பெரிய கட்டடம்.

"இதுல கெணத்தக் காணமே" என்றாள் பொன்னம்மா. நல்லையா கதவை உற்றுப் பார்த்து, "தாழ்ப்பா வச்சிட்டாங்க போலருக்கு" என்று வருத்தப்பட்டார். தம்பிராஜாவின் முகத்தில் ஏதோ லேசாக அசைந்தது.

நடராஜனுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. பேப்பரை மடித்துக்கொண்டே, "அண்ணே, நீங்க சயாமுக்குப் போயிட்டு வந்தவருன்னு சொன்னாங்க. அங்க எப்படிண்ணே இருந்திச்சு? சொல்லுங்களேன்" என்று வெகுளியாகக் கேட்டுவிட்டார்.

தம்பிராஜா தன் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"சயாமா? நானா?" என்றான். "யாரு சொன்னா? அங்கெல்லாம் நான் போனதே இல்லியே."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் பொய். நடராஜன் குழம்பிப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். பொய்யே சொல்லமாட்டாள் என்று எல்லாரும் சொல்லக் கேட்டிருந்த கமலவேணியிடம் திரும்பினார்.

"அப்படியா அக்கா?"

ரஹீம் நானா கோப்பி ஆற்றின கையை அப்படியே நிறுத்தினார். கமலவேணிக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"ஆமா" என்றாள். "மூவாருக்கு அந்தப் பக்கம் இவரு போனதே இல்ல."